தெரிஞ்ச கதைதான்... கொஞ்சம் தள்ளி உட்காருங்க!

ஊரடங்கு போட்ட 2020-ம் வருடம். வெளியே வராதீர்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போலீஸ் ஜீப் ஒன்று தெருவைக் கடந்து போனது. கூடத்தில் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். டி.வி-யில் நித்யஸ்ரீ மகாதேவனின் குரல் கேட்டதும் கை நின்றுவிட்டது. 'மெட்டி ஒலி' டைட்டில் பாட்டு. திரையில் சாந்தி ஆடி முடிக்கும்வரை அம்மா ஒரு காம்பைக்கூடத் தொடவில்லை.

"இதத்தான் முழுசா பாத்துட்டியேம்மா. யாருக்கு என்ன ஆவும்னு உனக்கே தெரியும்."

"நேத்து ரசம் சாப்பிட்ட இல்ல? இன்னைக்கு வேணாம்னா சொன்ன?"

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. முறத்தின் இன்னொரு பக்கம் உட்கார்ந்து நானும் கீரை உருவ ஆரம்பித்தேன். அன்றைக்கு ஆரம்பித்த இரண்டாவது சுற்று எனக்கு இன்னும் முடியவில்லை. 'மெட்டி ஒலி' முடிந்து 'மர்மதேசம்', அது முடிந்து 'ரமணி வெர்சஸ் ரமணி', பிறகு 'கோலங்கள்' கொஞ்சம் என்று பழசையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதுசு பார்க்க நேரமில்லை என்று நான் சொன்னால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். பார்த்ததையே பார்ப்பது நேரத்தைக் கொல்கிற வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். ஒரு சீரியல் நல்லதா, கெட்டதா என்று முதல் தடவை பார்க்கும்போது நமக்குத் தெரியாது. 'அடுத்து என்ன' என்கிற கொக்கியில் நம்மை மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள், நாமும் போகிறோம். அந்தக் கொக்கி இல்லாதபோதும் உட்கார்ந்து பார்க்க முடிகிறதா? அதுதான் பரீட்சை. அந்தப் பரீட்சையில் தேறியவை தமிழில் மிகச் சில.

இந்தி தெரியாத ராமர்

கொரோனா வந்தபோது 2020 மார்ச் 19 முதல் இங்கே படப்பிடிப்புகள் நின்றன. சீரியல்காரர்கள் கையில் மாதக்கணக்கில் எபிசோடுகளை எடுத்து வைத்திருப்பதில்லை. இன்று எடுத்தது சில நாட்களில் வீட்டுக்கு வந்துவிடும். அதனால் கையிருப்பு சீக்கிரமே தீர்ந்துபோனது. சேனல்கள் பழைய பீரோவைத் திறந்தன. சன் டி.வி-யில் 'மெட்டி ஒலி' திரும்பி வந்தது. தூர்தர்ஷன் மார்ச் 28 முதல் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடரைக் காலையும் இரவும் போட்டது. ஏப்ரல் 16 அன்று ஒளிபரப்பான எபிசோடை 7.7 கோடிப் பேர் பார்த்தார்கள், இது உலக சாதனை என்று தூர்தர்ஷன் அறிவித்தது. உலக சாதனை என்பது கொஞ்சம் அதிகம்தான். 1983-ல் அமெரிக்காவில் 'மாஷ்' தொடரின் கடைசி எபிசோடை 10 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்கிறார்கள். போகட்டும். வியக்க வேண்டியது எண்ணிக்கையைப் பார்த்து அல்ல. 33 வருடப் பழைய தொடர். கதையோ ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதைப் பார்க்கத்தான் அத்தனை கோடிப் பேர் உட்கார்ந்தார்கள்.

1987 ஜனவரியில் அது முதன்முதலாக வந்தபோது நான் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவுக்கே ஒரு டி.வி., அதுவும் கறுப்பு வெள்ளை சாலிடேர். மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப ஒருவர், ஜன்னல் வழியாக "தெரியுதா... தெரியுதா" என்கிற அவருடைய குரல், கீழே திண்ணைவரை கூட்டம். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் ஒரு வார்த்தை இந்தி தெரியாது. தபால் ஆபீஸ் மாமா மட்டும் தனக்குத் தெரியும் என்பார். ராமர் பேச ஆரம்பித்ததும் மொழிபெயர்க்கத் தொடங்குவார். "சும்மா இருங்க சார், எங்களுக்குத் தெரியாத கதையா" என்று பெண்கள் அடக்கிவிடுவார்கள்.

வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்தத் திண்ணையில் நாங்கள் முதல் தடவை பார்த்ததே இரண்டாவது தடவைதான். கைகேயி வரம் கேட்கப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான், அவள் எந்த முகத்தோடு கேட்கிறாள் என்பதை அவ்வளவு கூர்ந்து பார்த்தோம். மொழி தெரியாததால் முகம்தான் எங்களுக்கு எல்லாம்.

எங்கள் பக்கத்துக்கு இது பழைய பழக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து. கர்ண மோட்சத்தன்று விடியற்காலையில் கர்ணன் சாகிறான். போன வருடமும் செத்தான், அதற்கு முந்தைய வருடமும் செத்தான். ஆனாலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், பொன்னுருவி வழிமறிக்கும்போது மூக்கைச் சிந்துவார்கள். கடைசி நாள் காலை படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் பனைமர நீளத்துக்குக் களத்தில் மல்லாந்து கிடப்பான். அவன் தொடை பிளக்கும் என்பதும், பாஞ்சாலி கூந்தல் முடிவாள் என்பதும் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். "போன வருஷ பீமன் இவ்வளவு நல்லா அடவு போடல" என்று விமர்சனம் செய்வார்களே தவிர, கதை தெரிந்துவிட்டது என்று ஒருவரும் எழுந்து வீட்டுக்குப் போனதில்லை.

2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜொனாதன் லெவிட், நிகோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் என்று இரண்டு பேர் ஓர் ஆய்வு செய்தார்கள். 12 சிறுகதைகளை எடுத்து, சிலருக்கு முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டும், சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் அதிகம் ரசித்ததாக மதிப்பெண் போட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சில இதற்கு நேர்மாறாகவும் சொல்லின. அறிவியல் அப்படித்தான் நகரும். எங்கள் ஊர்க் கூத்து வாத்தியாரிடம் கேட்டிருந்தால் ஒரு டீ செலவில் முடிந்திருக்கும்.

சிதம்பரம் மேல் எனக்கு வந்த கோபம்

'மெட்டி ஒலி' 2002-ல் ஆரம்பித்து 2005-ல் முடிந்தது. திருமுருகன் இயக்கம், கோபி வேடமும் அவரேதான். மனைவியை இழந்த சிதம்பரத்துக்கு ஐந்து பெண்கள். தனம், சரோஜா, லீலா, விஜி, பவானி. ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொடுக்க வேண்டும், கட்டிக்கொடுத்த பிறகு அங்கே அவள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் கதை. கொலை இல்லை, விஷம் கலந்த பால் இல்லை, இரட்டைப் பிறவி இல்லை. மாமியார் ஒரு வார்த்தை சொல்வார், அது நான்கு வீடுகளுக்குப் போய் நாற்பது வார்த்தையாகத் திரும்பும். ஒரு வாரம் ஓடிவிடும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள்தான். டெல்லி குமார் நடித்த சிதம்பரத்தைப் பார்த்தாலே தொண்டை அடைக்கும். கூப்பிய கையோடுதான் அவர் என் நினைவில் நிற்கிறார். சம்பந்தி வீட்டில் குரல் எழாது, பெண்ணைத் தனியே பார்த்தால் கண் கலங்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து "பாவம்" சொன்ன ஒரே ஆண் அவர்தான். சரோஜாவின் கணவன் மாணிக்கமாக சேத்தன். அம்மா சொல்வதுதான் அவனுக்கு வேதம். அந்த அம்மா ராஜமாக சாந்தி வில்லியம்ஸ். ராஜம் திரையில் வந்ததும் எங்கள் தெருவில் திட்டு விழும். வயதான பெண்மணி ஒருவர் டி.வி-யை நோக்கி விளக்குமாற்றைக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

2020-ல் அதே காட்சிகளுக்கு நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். இரண்டாம் வாரமே ஏதோ உறுத்தியது. சிதம்பரத்தைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அடிபட்டு வந்து நிற்கிற பெண்ணிடம் 'பொறுத்துப் போம்மா' என்பதுதானே அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து? ஐந்தில் ஒருத்தியையாவது 'இங்கேயே இரு' என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் என்ன? நான் முணுமுணுத்தேன். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்க அப்பாவும் அதத்தான் சொன்னாரு" என்றார்.

சொன்னார். 2003-ல் நான் ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது அப்பா அதே இரண்டு வார்த்தையைத்தான் சொன்னார். அன்றைக்கு ராத்திரி நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து 'மெட்டி ஒலி' பார்த்தோம், சிதம்பரத்துக்காக அழுதோம். எதற்கு அழுகிறோம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அதைவிட ஆச்சரியம் அம்மாதான். முதல் சுற்றில் ராஜத்தை வாய்க்கு வந்தபடி திட்டியவர் அவர். இப்போது அவரும் இரண்டு மருமகள்களுக்கு மாமியார். ராஜம் ஏதோ குத்திப் பேசினாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "அவ சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கு" என்றார். சற்று நேரம் கழித்து, "இருந்தாலும் அந்த வாய் ஆவாது" என்று சேர்த்துக்கொண்டார்.

சீரியல் மாறவில்லை. 800-க்கும் மேற்பட்ட எபிசோடுகள், ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. நாங்கள் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம், அவ்வளவுதான். ராஜத்தின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு நியாயம் தெரிகிற மாதிரி அந்தப் பாத்திரத்தை எழுதியிருக்கிறார்களே, அதனால்தான் 'மெட்டி ஒலி' தேறுகிறது என்கிறேன். அதற்குப் பிறகு வந்த பல சீரியல்களின் வில்லிகளை எந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாலும் வில்லிகளாகவே தெரிவார்கள். கண் மையைத் தவிர அங்கே வேறெதுவும் இருக்காது.

காதால் பார்க்கிற கலை

சீரியலைக் குறை சொல்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது: "என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியுதே, அதையே எதுக்கு வாயாலயும் சொல்றாங்க?" இவர்கள் சோபாவில் சாய்ந்து பார்க்கிறவர்கள். சீரியல் இவர்களுக்காக எடுக்கப்படவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்க, ஒரு காதை மட்டும் கூடத்துக்குக் கொடுத்திருக்கிறவருக்காக எடுக்கப்பட்டது. "நீயா... நீ எப்படி இங்க வந்த?" என்று திரையில் ஒருத்தி கேட்டால்தான் யாரோ வந்திருக்கிறார்கள் என்று சமையலறைக்குத் தெரியும். அந்த 'டொய்ங்' சத்தம் வந்தால் கரண்டியோடு ஓடிவர வேண்டும் என்று அர்த்தம். மூன்று முகங்களை மூன்று தடவை காட்டுவது, ஓடிவருகிறவர் வந்து சேர அவகாசம் கொடுப்பதற்கு. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து வானொலி நாடகத்துக்குப் படம் சேர்த்தால் என்ன வருமோ, அதுதான் தமிழ் சீரியல்.

இரண்டாம் தடவை பார்க்கும்போது இதுதான் வசதியாகவும் இருக்கிறது, தொல்லையாகவும் இருக்கிறது. காதே போதும் என்பதால் துணி மடிக்கலாம், பூ கட்டலாம். ஆனால், யூடியூபில் ஒரே மூச்சில் ஆறு எபிசோடு போட்டுப் பாருங்கள். 'முன்கதைச் சுருக்கம்' ஆறு தடவை, அதே டைட்டில் பாட்டு ஆறு தடவை, நேற்று உறைந்து நின்ற முகம் இன்றைக்கு மறுபடி முதலிலிருந்து உறைகிறது. நாளுக்கு ஒரு வேளை என்று கொடுத்த மருந்தை மொத்தமாகக் குடித்த கதைதான்.

மாட்டிக்கொள்கிற இன்னொரு விஷயம் 'இவருக்குப் பதில் இவர்'. நடிகைக்குச் சினிமா வாய்ப்பு வந்திருக்கும், அல்லது சம்பளத் தகராறு, அல்லது கல்யாணம். ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு வேறொருவர் உள்ளே வருவார், திரையில் எழுத்து ஓடும், எல்லோரும் அவரை அதே பெயரில் கூப்பிடுவார்கள். தினம் பார்த்தபோது இரண்டு நாளில் பழகிவிட்டது. சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு மாலைப்பொழுதிலேயே ஒரே பெண்ணுக்கு மூன்று முகம். என் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "இவங்கதான் அந்த விடாது கருப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவன் கேலியாகச் சொன்னாலும் அந்தப் பெயரைச் சொன்னதற்காக விட்டுவிட்டேன். 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு'தான் என்னைப் பொறுத்தவரை தமிழ் டி.வி-யின் உச்சம். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. 90-களின் பின்பாதி, வாரத்துக்கு ஒரு நாள். குதிரையில் வரும் கருப்பு, கிராமம், அடுத்தடுத்த மரணங்கள். மறுநாள் காலை வகுப்பில் வேறு பேச்சே இருக்காது. ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் கேட்ட கல்லூரி மாணவிகளில் நானும் ஒருத்தி.

அந்தத் தொடர் இரண்டு காலங்களில் மாறி மாறி ஓடும். ஒரு பையனின் சிறுவயது ஒரு பக்கம், பல வருடம் கழித்து நடப்பது இன்னொரு பக்கம். வாரம் ஒரு தடவை பார்த்தபோது எது முன்னே, எது பின்னே என்று பாதி நேரம் குழப்பம்தான். பயந்ததால் குழப்பத்தைப் பொருட்படுத்தவில்லை. கவிதாலயாவின் யூடியூப் சேனலில் தொடர்ந்து பார்த்தபோதுதான் நாகா செய்திருந்த வேலை தெரிந்தது. விடை ஆரம்பத்திலிருந்தே கண் முன்னால் இருந்திருக்கிறது. யார் எங்கே பார்க்கிறார்கள், எந்தப் பேச்சு பாதியில் நிற்கிறது, எந்தக் காட்சிக்குப் பிறகு எந்தக் காட்சியை ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பு. முதல் தடவை குதிரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். அந்த முடிவு என்ன என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. முடிவு தெரிந்தால் ஒன்றும் குடிமுழுகாது என்று மேலே பக்கம் பக்கமாக வாதாடிவிட்டு இப்போது இப்படிச் சொல்வது நியாயமில்லைதான். இருந்தாலும் மாட்டேன். முதல் தடவை பயப்படுகிற உரிமை எல்லோருக்கும் உண்டு.

இந்தத் தொடரில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பிறகு நிஜத்திலும் கணவன் மனைவி ஆனார்கள். இதே சேத்தன்தான் சில வருடம் கழித்து மாணிக்கமாக வந்து நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நடிப்பு என்றால் என்ன என்று ஒரு பாடமே கிடைக்கும்.

தேறாதவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. 'கோலங்கள்' எனக்குப் பிடித்த சீரியல். தேவயானியின் அபிக்காக ராத்திரி ஒன்பது மணியைக் காலியாக வைத்திருந்தவள் நான். 2003-ல் ஆரம்பித்து 2009-ல் முடிந்தது, 1,533 எபிசோடுகள். விளம்பரம் போக ஒன்றுக்கு 20 நிமிடம் என்றாலும் 511 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். ஆசையோடு ஆரம்பித்தேன். அபிக்கும் தொல்காப்பியனுக்கும் நடுவிலிருக்கும் அந்த நட்பு இப்போதும் மனதைத் தொடுகிறது. ஓர் ஆணையும் பெண்ணையும் வெறும் நண்பர்களாக அத்தனை வருடம் விட்டுவைக்க தைரியம் வேண்டும். வில்லன் ஆதியின் சதிகள்தான் ஓடவில்லை. ஒவ்வொரு சதியும் 'மாட்டுவாளா, தப்புவாளா' என்கிற ஒரே எண்ணெயில் ஓடிய வண்டி. தப்புவாள் என்று தெரிந்த பிறகு தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. இருநூற்றுச் சொச்சத்தில் நிறுத்தினேன்.

சிரிப்பு வேறு கணக்கு. 'லொள்ளு சபா'வை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அதை இப்போது யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை. மனோகர் கையை ஆட்டிக்கொண்டு நுழைகிற 30 விநாடி, சந்தானம் மடக்குகிற 20 விநாடி என்று துண்டு துண்டாக வாட்ஸ்அப்பில் வருகிறது. என் கருத்தில் அது மறுபடி பார்த்தல் ஆகாது. பந்தியில் உட்காராமல் அப்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவது மாதிரி. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது.

இருந்தவர்கள்

மறுபடி பார்ப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. 2021 அக்டோபரில் விஜியாக நடித்த உமா மகேஸ்வரி இறந்துபோனார். சின்ன வயது. அதற்குப் பிறகு அம்மா யூடியூபில் மூன்றாவது சுற்று ஆரம்பித்தார். விஜி வரும் காட்சிகளில் "நல்லா சிரிக்குது பாரு" என்பார். அந்தச் சிரிப்பைப் பற்றி முதல் இரண்டு சுற்றிலும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்துவை ஊரே வெறுத்துக்கொண்டே ரசித்தது. 2023 செப்டம்பர் 8 அன்று அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. அன்றைக்கே போய்விட்டார். தொடர் நிற்கவில்லை, வேல ராமமூர்த்தி வந்தார், நன்றாகவே செய்தார். ஆனால், இன்றைக்கும் ஃபோனைத் திறந்தால் மாரிமுத்துதான் வீட்டுப் பெண்களை விரட்டிக்கொண்டிருக்கிறார். முன்பு அந்த அதட்டலைக் கேட்டால் பல்லைக் கடிப்பேன். இப்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைக்கிறேன்.

மறுபடி பார்க்க வேண்டுமென்றால் முதலில் அது இருக்க வேண்டுமே. அமெரிக்காவில் 1951-ல் 'ஐ லவ் லூசி' ஆரம்பித்தபோது லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் அதை ஃபிலிமில்தான் எடுப்போம் என்று பிடிவாதமாக நின்றார்கள். செலவு கூடியதற்குத் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்குத் தொடரின் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். லூசில் பால் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது பழைய எபிசோடுகளையே திரும்பப் போட்டார்கள், ஜனங்களும் பார்த்தார்கள். மறு ஒளிபரப்பிலும் காசு இருக்கிறது என்று அந்தத் தொழில் கற்றுக்கொண்டது அந்த நாட்களில்தான். இங்கிலாந்தில் நேர் எதிர். நாடா விலை அதிகம் என்று பி.பி.சி. பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே புதிதைப் பதிவு செய்தது. 'டாக்டர் ஹூ' தொடரின் 60-களின் எபிசோடுகளில் 90-க்கும் மேற்பட்டவை இன்றுவரை கிடைக்கவில்லை. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற பிரதிகளைத் தேடிப் போனதில், 2013-ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்திலிருந்து 9 எபிசோடுகள் மீண்டு வந்ததாக அறிவித்தார்கள். படம் காணாமல்போன எல்லா எபிசோடுகளுக்கும் ஒலி மட்டும் தப்பியிருக்கிறது. எப்படி? வீட்டில் டி.வி-க்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்துகொண்ட ரசிகர்களால். காதால் பார்க்கிறவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

நம் கதைக்கு வருகிறேன். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. சன் டி.வி. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று வந்தது. அரை நூற்றாண்டுத் தமிழ் நாடகங்கள். இவற்றில் இப்போது தேடினால் கிடைப்பது கைப்பிடி அளவுதான். கிடைப்பதிலும் 14-ம் எபிசோடுக்கு அப்புறம் 19. நடுவே நான்கைக் காணோம். ஒரு தொடருக்குக் கடைசி எபிசோடு மட்டும் இல்லை. ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு இரண்டு தடவை மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. மூன்றாவது தடவை ஃபோனில் பிடித்தபோது எதிர்முனையில் இருந்த இளைஞர் பணிவாகவே கேட்டார்: "மேடம், அதெல்லாம் இப்ப யார் பாக்கறாங்க?"

தம்பி, நாங்கள்தான் பார்க்கிறோம். கர்ணன் சாவதை வருடா வருடம் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பரணில் பழைய வி.எச்.எஸ். கேசட் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கல்யாண வீடியோவின் பின்பாதியில் யாரோ பதிவு செய்துவைத்த ஒரு செவ்வாய்க்கிழமை நாடகம் இருக்கலாம். பூஞ்சை பிடிப்பதற்குள் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிற கடைகள் இன்னும் சில இருக்கின்றன. தயாரிப்பாளர்களுக்கும் சேனல்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் அலமாரியில் இருப்பதை முழுசாக, எண் போட்டு, வரிசையாக ஏற்றுங்கள். விளம்பரம் வேண்டுமானால் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்குப் பழக்கம்தான். டைட்டில் பாட்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதற்காக ஒருவர் கீரையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.